சரிவுக்குள் பாறை எங்கே? டர்பன் மண்ணில் ரிஃப்ராக்‌ஷன் ஆய்வு செய்யும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றிச் சமதள மனை கிடைப்பது அபூர்வம். வெருலம், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எங்கே வாங்கினாலும் ஒரு பக்கத்தை வெட்டி மறுபக்கத்தை நிரப்பித்தான் தளம் எடுக்க வேண்டியிருக்கும். வெட்டும்போது பாறை வந்துவிட்டால் காசு கரையும். இந்த நாட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் எஸ்.ஏ.என்.எஸ். 1200 டி என்ற தரவிதிப்படி தோண்டும் மண்ணை மென்மை, இடைநிலை, கடும்பாறை, உருண்டைப்பாறை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ரேட் போடுவார்கள். மென்மண்ணின் ரேட்டும் கடும்பாறையின் ரேட்டும் பக்கத்தில்கூட வராது. அதனால் கான்ட்ராக்டரைக் கூப்பிடும் முன்பே பாறை எங்கே மேலே வருகிறது, எங்கே ஆழத்தில் இறங்குகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

டி.எல்.பி. வண்டியை (முன்னால் அள்ளும் வாளியும் பின்னால் தோண்டும் கையும் உள்ள டிராக்டர்) வைத்து நாலைந்து குழி தோண்டிப் பார்த்துவிடலாமே என்பார்கள். தோண்டத்தான் வேண்டும், அதை நான் எப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் டி.எல்.பி.யின் கை மூன்று மீட்டர் சுமாருக்குத்தான் போகும். அதற்குள் பக்கெட் ஒரு கல்லில் முட்டி நின்றால், அது அடிப்பாறையா, தனியாகக் கிடக்கும் உருண்டையா என்று குழிக்கு மேலே நிற்பவருக்குத் தெரியாது. இரண்டு குழிக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அதிர்வலை விலகல் ஆய்வு. தொழிலில் இருப்பவர்கள் ரிஃப்ராக்‌ஷன் என்றே சொல்வோம்.

நான் சேலத்துக்காரி. புவி இயற்பியல் படித்துவிட்டு இங்கே ஒரு சிறிய மண் ஆய்வு நிறுவனத்தில் களவேலை பார்க்கிறேன். சுத்தியல் அடிப்பவர் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழர், எல்லோருக்கும் அவர் மாமா. உதாரணத்துக்கு வெருலத்தில் ஒரு கோயில் கமிட்டி சரிவில் கல்யாண மண்டபம் கட்ட இடம் பார்த்த வேலையை எடுத்துக்கொள்கிறேன். தளத்துக்காக ஆறு மீட்டர் வரை வெட்ட வேண்டும், பத்து மீட்டர் ஆழம் வரை தெரிய வேண்டும் என்பது கேள்வி.

முதலில் அடிப்படை. தரையில் ஓங்கி அடித்தால் அதிர்வு மண்ணுக்குள் பரவுகிறது. தளர்ந்த மண்ணில் மெதுவாக, கெட்டியான பாறையில் வேகமாக. கீழே இறங்கிய அலை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பாறையின் மேற்பரப்பைத் தொட்டால், அந்தப் பரப்பை ஒட்டியே பாறையின் வேகத்தில் ஓடி, வழியெல்லாம் மேலே அதிர்வை அனுப்பிக்கொண்டே போகும். வெருலத்திலிருந்து அடுத்த தெருவுக்குப் போக உள்ரோடு போதும், ஸ்டேங்கர் வரை போவதென்றால் கொஞ்சம் சுற்றானாலும் என்2 நெடுஞ்சாலையில் ஏறினால்தான் சீக்கிரம் போய்ச் சேரலாம். அலையும் அப்படித்தான். தரையில் குத்தி வைத்து அதிர்வைப் பிடிக்கும் கருவிதான் ஜியோஃபோன். கிட்டத்தில் இருக்கும் ஜியோஃபோனுக்கு மண் வழியாக வந்தது முந்தும், தூரத்தில் இருப்பதற்குப் பாறை வழியாக வந்தது முந்தும். எது எந்தத் தூரத்தில் முந்தத் தொடங்குகிறது என்பதில்தான் ஆழம் ஒளிந்திருக்கிறது. 1909இல் மொஹொரோவிசிச் நிலநடுக்கப் பதிவுகளில் இதே நியாயத்தை வைத்துப் பூமியின் மேலோட்டுக்கு அடியில் ஓர் எல்லை இருப்பதைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பல பத்து கிலோமீட்டர் ஆழம், நமக்குப் பத்து மீட்டர்.

இந்த முறை உதவாத இடங்கள்

களத்துக்குப் போகும் முன் 1:250 000 அளவில் வந்துள்ள டர்பன் புவியியல் வரைபடத்தைப் பாருங்கள். அப்புறம் அக்கம்பக்கத்தில் சாலைக்காக வெட்டிய சரிவுகளை நேரில் போய்ப் பாருங்கள். அரைமணி நேரம் சாலையோர வெட்டுமுகத்தைப் பார்ப்பது, பாதி நாள் அளவெடுப்பதற்குச் சமம்.

கடலோர மேடுகளில் பெரியா செம்மணல் கிடக்கிறது. பழைய மணல்குன்றுகள் மட்கிச் சிவந்தது. காய்ந்திருக்கும்போது சுத்தியல் அடியை அப்படியே விழுங்கிவிடும். உள்ளே வந்தால் நேட்டால் மணற்பாறை, அதன் மேல் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் விட்டுப்போன கல்லும் களிமண்ணும் இறுகிய டுவைக்கா டில்லைட், அதற்கு மேல் களிமண் ஏடு ஏடாக இறுகிய பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஷேல். இவற்றுக்குள்ளே சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிப் பாய்ந்து இறுகிய டாலரைட்.

இதில் டாலரைட் வம்பு பிடித்தது. டாலரைட் ஷேலுக்குள் கிடைமட்டத் தகடாகப் புகுந்திருந்தால், கெட்டியான தகடு மேலே, மட்கிய ஷேல் கீழே என்று தலைகீழ் அடுக்காகிவிடும். வேகமான அடுக்கிலிருந்து மெதுவான அடுக்குக்கு இறங்கும் அலை கீழ்நோக்கியே வளையும், எல்லையை ஒட்டி ஓடித் திரும்பி வராது. அந்த மெதுவான அடுக்கு நம் பதிவில் தெரியவே தெரியாது. அதற்கும் கீழே இருப்பதன் ஆழமும் தப்பாக வரும். ஊக்லிப் என்று இங்கே சொல்லும் இரும்பு ஏறிய சரளைப் பாளமும் இதே வேலையைச் செய்யும். மேலே கெட்டி, கீழே குழைந்த களிமண். கான்கிரீட் தளமும் அப்படியே. வேகம் ஆழத்தோடு கூடிக்கொண்டே போகும் இடத்தில் மட்டும்தான் ரிஃப்ராக்‌ஷன் உண்மை பேசும். வெட்டுமுகத்தில் தலைகீழ் அடுக்கு கண்ணில் பட்டால் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். மேற்பரப்பு அலைகளை வைத்துச் செய்யும் மாஸ்வ் முறைக்கோ மின்தடை முறைக்கோ மாறுங்கள்.

கோடு போடுவது

கையில் 24 ஜியோஃபோன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் கோட்டின் நீளம் 46 மீட்டர். அடிக்கும் இடத்திலிருந்து கடைசி ஜியோஃபோன் வரையுள்ள தூரம், தேடும் ஆழத்தைப் போல் நாலைந்து மடங்கு இருக்க வேண்டும் என்பது நடைமுறை. பத்து மீட்டருக்கு 40 முதல் 50 மீட்டர். கோட்டுக்கு வெளியேயும் அடிக்கப் போகிறோம், ஆகவே மண்டபத்துக்கு இது தாராளம். இடைவெளியை 5 மீட்டராக விரித்தால் ஆழம் கூடும், ஆனால் மேல்மண்ணின் வேகத்தை அளக்க இரண்டு புள்ளிக்கு மேல் மிஞ்சாது. மேல்மண் வேகம் தப்பானால் அதற்குக் கீழே போடும் கணக்கு எல்லாமே தப்பு.

ஒரு கோடு சரிவின் குறுக்கே, ஒரு கோடு சரிவோடு இறங்கும்படி. இரண்டும் எங்கேயாவது வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டும் புள்ளியில் இரண்டு கோடும் ஒரே ஆழத்தைச் சொல்கிறதா என்று பார்க்கலாம். கோடு நேராக இருக்கட்டும். நாடாவைத் தரையோடு இழுத்து அளந்தால் அது சரிவுத் தூரம். 20 டிகிரி சரிவில் 46 மீட்டர் நாடா, வரைபடத்தில் 43 மீட்டர் சொச்சம்தான். எதை அளந்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு ஜியோஃபோனின் மட்டத்தையும் லெவல் கருவியில் எடுங்கள், பத்து சென்டிமீட்டருக்குள் சரியாக இருந்தால் போதும்.

நடுவதில் அவசரம் கூடாது. கரும்புச் சருகு, புல், தளர்ந்த புழுதி எல்லாவற்றையும் காலால் ஒதுக்கிவிட்டு, கெட்டி மண்ணில் ஆணி முழுவதும் இறங்கும்படி நேராகக் குத்துங்கள். செம்மணலில் ஒரு சாண் தோண்டி ஈரமான மண்ணில் நடுங்கள். ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது. கேபிள் கிளிப்பில் பனி இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். எல்லாம் நட்டதும் ஒருவர் கோட்டின் ஓரமாக நடந்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காலைத் தட்டட்டும், இன்னொருவர் திரையைப் பார்த்து எது உயிரோடு இருக்கிறது, எது செத்துக் கிடக்கிறது என்று சொல்லட்டும்.

கேபிளைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். செம்புத் திருடருக்கு ஜியோஃபோன் கேபிளும் ஒன்றுதான், டெலிபோன் கேபிளும் ஒன்றுதான். குரங்குகளும் வரும். அவற்றுக்குச் செம்பு வேண்டாம், நம் மதியச் சாப்பாடு போதும்.

இரைச்சல்

கோயில் மனைக்குக் கிழக்கே என்2. லாரிகள் போகும் நேரத்தில் திரை முழுக்க நெளியும். காலை வெளிச்சம் வந்ததும் தொடங்கி, காற்று எழுவதற்குள் தூர அடிகளை முடித்துவிடுவது என் வழக்கம். பிற்பகலில் வடகிழக்குக் காற்று கரும்பை ஆட்டும். கரும்பின் வேர் மண்ணை ஆட்டும். மண் ஜியோஃபோனை ஆட்டும். குளிர்காலத்தில் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து வரும் பெர்க் காற்று அடிக்கும் நாளாக இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

இங்கே இன்னொரு தொல்லை மின்வேலி. ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை துடிக்கும். பதிவில் 24 வரியிலும் ஒரே நேரத்தில் ஊசிமாதிரி ஒரு கோடு தெரிந்தால் அது நிலத்திலிருந்து வந்ததல்ல, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து வந்தது. நிலத்தின் வழியே வரும் அலை தூரம் கூடக்கூடத் தாமதமாகத்தான் வரும், ஒரே கணத்தில் எல்லா இடத்துக்கும் வராது. போய்க் கதவைத் தட்டி, அரைமணி நேரம் வேலியை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். மின்கம்பிக்கு அடியில் 50 ஹெர்ட்ஸ் நெளிவு வந்தால் கேபிளை நகர்த்திப் பாருங்கள். கருவியிலுள்ள இரைச்சல் வடிகட்டியை நம்புவது கடைசி வழி.

அடிப்பது

ஏழெட்டுக் கிலோ சம்மட்டி, அலுமினியத் தட்டு, சம்மட்டிக் கைப்பிடியில் தலைக்குப் பக்கத்தில் டேப் சுற்றி ஒட்டிய டிரிகர் சுவிட்ச். அடி விழுந்த கணத்தில் கருவி ஓடத் தொடங்கும். அடிப்பவருக்குக் கண்ணாடியும் கெட்டி பூட்ஸும் கட்டாயம். பின்னால் யாரும் நிற்கக் கூடாது, கோயில் சிறுவர்கள் வேடிக்கை பார்க்க வந்தால் முதலில் அவர்களை ஒரு மரத்தடிக்கு அனுப்புங்கள். தட்டு மண்ணில் ஆடாமல் உட்காரும் வரை இரண்டு மூன்று அடி சும்மா அடித்து, அவற்றை அழித்துவிடுங்கள். சம்மட்டி துள்ளி இரண்டாம் முறை தட்டைத் தொட்டால் அந்தப் பதிவும் வேண்டாம்.

பதிவு இடைவெளி 0.25 மில்லிநொடி அல்லது அதற்கும் குறைவு. மொத்த நீளம் கால் நொடி போதும்.

ஒரே இடத்தில் பல அடிகளைப் பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால் அலை வளரும், தாறுமாறான இரைச்சல் அதே அளவுக்கு வளராது. ஆனால் லாபம் வர்க்கமூலக் கணக்கில்தான். நாலு அடிக்கு இரைச்சல் பாதியாகும், பதினாறு அடிக்குக் கால்வாசியாகும், அதிலும் பாதியாக்க 64 அடி வேண்டும். மாமாவின் தோளைப் பற்றி யோசியுங்கள். லாரி வரும்போது ஐம்பது அடிப்பதைவிட, லாரி போகும் வரை நின்று எட்டு அடிப்பது மேல்.

எங்கெங்கே அடிப்பது? கோட்டின் நடுவில், இரண்டு கால்வாசிப் புள்ளிகளில், இரு முனைகளில். இவ்வளவும் எல்லோரும் அடிப்பார்கள். மீதி இரண்டுதான் விஷயம். கோட்டுக்கு வெளியே, இரண்டு பக்கமும் 20, 25 மீட்டர் தள்ளி அடிப்பவை. நேரமாகிவிட்டது, வேலி குறுக்கே இருக்கிறது, பக்கத்து மனைக்காரர் வீட்டில் இல்லை என்று பலரும் விட்டுவிடுவது இவற்றைத்தான். என்னைக் கேட்டால், நடு அடியை விட்டாலும் விடுவேன், இவற்றை விடமாட்டேன். முனையில் அடித்தால் பக்கத்திலுள்ள பல ஜியோஃபோன்களுக்கு மண் அலைதான் முதலில் வரும். அந்த ஜியோஃபோன்களுக்குக் கீழே பாறை எங்கே என்பதை அந்த அடி சொல்லாது. 25 மீட்டர் தள்ளி அடித்தால் 24க்கும் பாறை வழி அலையே முதலில் வந்து சேரும். கோட்டின் கீழே பாறையின் மேடு பள்ளம் முழுக்க அந்த ஒரு பதிவில் இருக்கும். மறுபக்கத்திலிருந்தும் அதேபோல் ஒன்று வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் சாய்வையும் வேகத்தையும் பிரித்தெடுக்க முடியும்.

மண்டப வேலையில் கீழ்ப்பக்கத் தூர அடி விழ வேண்டிய இடம் ஒரு வீட்டின் கொல்லையில் இருந்தது. மாமா கதவைத் தட்டினார்.

“ஆன்ட்டி, கொல்லையில் கொஞ்ச நேரம் சுத்தியல் அடிக்கணும். குழி எல்லாம் கிடையாது.”

“சுவர் வெடிக்குமா தம்பி? போன வருஷம்தான் பூசினோம்.”

“லாரி போனா வீடு அதிருது இல்ல, அந்த அளவுகூட இருக்காது. வேணும்னா நீங்களே ஒரு அடி அடிச்சுப் பாருங்க.”

அந்த அம்மா உண்மையிலேயே ஒரு அடி அடித்தார். அதைப் பதிவில் சேர்க்கவில்லை, ஆனால் அனுமதி கிடைத்தது. முதல் நாளே போய்ச் சொல்லிவைப்பது இன்னும் நல்லது.

களத்தை விட்டுக் கிளம்பும் முன்

மடிக்கணினி இருந்தாலும் ஒரு கிராஃப் தாளில் கையால் புள்ளி வைத்துப் பாருங்கள். கிடையில் தூரம், நிமிர்வில் முதல் அதிர்வு வந்த நேரம். இரண்டு சோதனை போதும். முதலாவது: இடது முனையில் அடித்தபோது வலது முனை ஜியோஃபோனுக்கு வந்த நேரமும், வலது முனையில் அடித்தபோது இடது முனைக்கு வந்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பாதை, திசை மட்டும் வேறு. ஓரிரு மில்லிநொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிரிகரைச் சந்தேகப்படுங்கள், அல்லது ஒரு புள்ளியைத் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டாவது: தூர அடியின் கோடும் அதே பக்க முனை அடியின் பாறைப் பகுதியும் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் அவை இரண்டும் ஒரே அடுக்கைத் தொடவில்லை.

காற்றில் வரும் சத்தமும் ஜியோஃபோனை அசைக்கும். அதன் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். காய்ந்த செம்மணலின் வேகமும் ஏறத்தாழ அதுவே. சத்தத்தை மண் என்று எண்ணிவிடக் கூடாது. காற்று அலை கூர்மையாக, அதிர்வெண் கூடி, விளிம்பு வெட்டியதுபோல் இருக்கும்.

முதல் துடிப்பைக் குறிக்கும் வேலையை மென்பொருளின் தானியங்கிப் பொத்தானிடம் விடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கி, நேர்க்கோடு முதலில் விலகும் இடத்தைப் பிடியுங்கள். அலையின் உச்சியையோ பள்ளத்தையோ அல்ல. தூர வரிகளில் அலை மெலிந்திருக்கும், அங்கே அரை அலை பிந்திக் குறித்துவிடுவது சகஜம். கடுமையான வடிகட்டி போட்டால் துடிப்பின் கால் முன்னால் நீண்டுவிடும், நேரம் குறையும், பாறை மேலே வந்ததுபோல் தெரியும். சந்தேகமான புள்ளியைச் சந்தேகம் என்றே குறியுங்கள்.

கணக்கு

மண்டபக் கோட்டில் வந்ததைப்போல் எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். கிராஃப் தாளில் வைத்த புள்ளிகள் இரண்டு நேர்க்கோடாக விழும். முதல் கோட்டின் சாய்வு தரும் வேகம் (மண்) நொடிக்கு 400 மீட்டர், இரண்டாவது (பாறை) 2000 மீட்டர். இரண்டாவது கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அடித்த இடத்தில் நேர அச்சை 24 மில்லிநொடியில் வெட்டுகிறது. இதை வெட்டு நேரம் என்போம். ஆழம் காண, வெட்டு நேரத்தில் பாதியை எடுத்து, இரண்டு வேகங்களின் பெருக்கலால் பெருக்கி, இரண்டு வேகங்களின் வர்க்க வித்தியாசத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 0.012 × 8,00,000 ÷ 1960. விடை 4.9 மீட்டர். சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது: இரண்டு கோடும் முறியும் தூரம் 12 மீட்டரில் வர வேண்டும். வராவிட்டால் கோட்டை மறுபடி வரையுங்கள்.

இது பாறை தரைக்கு இணையாக இருந்தால் வரும் கணக்கு. சாய்ந்திருந்தால்? ஒரு பக்கத்திலிருந்து அடிக்கும்போது பாறையின் வேகம் 2300 என்றும், மறுபக்கத்திலிருந்து 1770 என்றும் தெரிகிறது என்று வையுங்கள். இரண்டு வேறு பாறைகள் என்று தோன்றும். உண்மையில் ஒரே பாறை, வேகம் 2000, தரையோடு ஒப்பிட அதன் சாய்வு வெறும் ஒன்றரை டிகிரி. இவ்வளவு சிறிய சாய்வே எண்ணை இப்படிப் புரட்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் அடித்துவிட்டு வேகத்தை எழுதிக் கொடுக்கும் அறிக்கையைக் குப்பையில் போடுங்கள். இரண்டையும் பெருக்கி இரட்டித்து, கூட்டுத்தொகையால் வகுத்தால் உண்மை வேகத்துக்கு மிக அருகே வந்துவிடலாம்.

பாறை மேடு பள்ளமாக இருந்தால் ஒவ்வொரு ஜியோஃபோனுக்கும் தனித்தனியாக ஆழம் காண வேண்டும். ஹேக்டோர்ன் 1959இல் எழுதிய பிளஸ்-மைனஸ் முறை அதற்குப் போதும், ஒரு விரிதாளிலேயே செய்துவிடலாம். டெரிக் பாமர் 1980இல் முன்வைத்த ஜி.ஆர்.எம். இன்னும் நுணுக்கமானது. இப்போது எல்லோரும் டோமோகிராஃபி பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள். நாம் கொடுக்கும் ஒரு தொடக்க மாதிரியைக் கணினி திருத்தித் திருத்தி, அளந்த நேரங்களோடு ஒத்துவரும் வேகப் படத்தை அது வரைந்துவிடும். அழுத்துங்கள், தப்பில்லை. ஆனால் அது கூர்மையான எல்லையையும் வழுவழுவென்று இழைத்துக் காட்டும். அலை போகாத மூலைகளுக்கும் நிறம் பூசும். படத்தின் கீழ் இரண்டு மூலையையும் வெட்டி எறியுங்கள். தொடக்க மாதிரியை மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள், எந்த உருவம் இரண்டிலும் நிற்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

வேகத்தைப் பாறை என்று படிப்பது

காய்ந்த தளர்மண் 200 முதல் 500. இறுகிய, ஈரமான மண்ணும் முழுக்க மட்கிய பாறையும் 500 முதல் 1000 சுமார். பாதி மட்கிய ஷேலும் டாலரைட்டும் 1000க்கும் 2000க்கும் இடையில். கெட்டியான மணற்பாறை 3000க்கு மேல், புது டாலரைட் 5000ஐயும் தாண்டும். இவை எல்லாம் நொடிக்கு மீட்டர். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், யாரும் இவற்றைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் 1500 ஒரு கண்ணிவெடி. தண்ணீருக்குள் அலை போகும் வேகமே அதுதான். நீர்மட்டத்துக்குக் கீழே சாதாரண மணலும் 1500, 1600 காட்டும். ஓடையோரத்தில் கோடு போட்டுவிட்டு 1550இல் ஓர் அடுக்கைப் பார்த்து ‘மென்பாறை’ என்று எழுதினால், அஸ்திவாரக்காரர் அங்கே போய்ச் சேற்றில் நிற்பார். எல்லை ஏறக்குறைய சமமாக, ஓடை மட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போகும் குறுக்கலை என்று ஒன்று உண்டு, அது தண்ணீரைப் பொருட்படுத்தாது. அதன் வேகம் அந்த ஆழத்தில் மாறவில்லை என்றால் அது நீர்தான்.

மட்கிய டாலரைட்டில் செம்மண்ணுக்குள் வீடளவு உருண்டைகள் மிதக்கும். நம் கோடு அவற்றைச் சராசரியாக்கி ஒரு நடுத்தர வேகத்தைத் தரும். 1400 என்று படம் சொல்லும், டி.எல்.பி. ஒரு மணிநேரம் வெண்ணெயாக வெட்டிவிட்டு அடுத்த நிமிடம் பல்லை உடைத்துக்கொள்ளும். நேர-தூரக் கோட்டில் இரண்டு மூன்று புள்ளி மட்டும் திடீரென்று முந்திக் குதித்தால் அங்கே உருண்டை இருக்கலாம் என்று எழுதுங்கள். வேகம் இடையில் இருந்தாலும் மிக மெலிதான அடுக்கு ஒருபோதும் முதலில் வந்து சேராது, அதனால் படத்தில் வராது. அதையும் மனதில் வையுங்கள்.

புல்டோசரின் பின்னால் உள்ள ரிப்பர் கொக்கியால் கிழிக்க முடியுமா என்பதற்குக் கேட்டர்பில்லர் நிறுவனம் வேகத்தை வைத்து அட்டவணை வெளியிடுகிறது. பெரிய வண்டிக்கு 2000 வரை பெரும்பாலும் வசப்படும். ஆனால் அட்டவணையில் உள்ள வண்டி உங்கள் மனைக்கு ஏறி வருமா? கோயில் சந்துக்குள் வருவது டி.எல்.பி.யும் சிறிய எக்ஸ்கவேட்டரும்தான். எந்த வண்டி வரப்போகிறது என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப எழுதுங்கள். விரிசல் நெருக்கமாக உள்ள பாறை எளிதில் பெயரும், அதே வேகத்தில் பாளமாக இருக்கும் பாறை பெயராது.

இப்போதுதான் குழிகளை வெட்ட வேண்டும். படத்தைப் பார்த்து, பாறை மேலே வரும் இடத்தில் ஒன்று, ஆழமாக இறங்கும் இடத்தில் ஒன்று, படம் புரியாத இடத்தில் ஒன்று. குழிச்சுவரை இந்நாட்டு வழக்கப்படி, 1973இல் ஜென்னிங்ஸ், பிரிங்க், வில்லியம்ஸ் வகுத்த வரிசையில் எழுதுங்கள்: ஈரம், நிறம், இறுக்கம், அமைப்பு, மண்வகை, தோற்றம். குழி சொல்வதும் கோடு சொல்வதும் ஒத்துவந்தால் மட்டும் அடுக்குக்குப் பெயர் வையுங்கள். அதுவரை படத்தில் ‘400’, ‘2000’ என்ற எண்கள் மட்டும் இருக்கட்டும். காப்பு இல்லாமல் ஆழக்குழிக்குள் இறங்காதீர்கள். செம்மணல் சொல்லாமல் சரியும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சரிவு நிற்குமா என்று கேட்டு வருபவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். ரிஃப்ராக்‌ஷன் அதற்குப் பாதி விடைதான் தரும். சரிவின்மேல் தளர்மண் எவ்வளவு தடிமன், அதன் அடிப்பரப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும். அந்த மண்ணின் வலிமையைக் காட்டாது. அதற்கு மாதிரி எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கையில் கொடுப்பது

கமிட்டித் தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, எத்தனை அடியில பாறை? அதை மட்டும் சொல்லு” என்றார்.

“ஐயா, மேல்பக்க மூலையில் எட்டு அடி. நடுவுல பதினாறு. கீழ்ப்பக்கம் வெட்டுற ஆழத்துக்குள்ள பாறையே இல்லை. ரெண்டு மூணு அடி முன்னே பின்னே இருக்கும்.”

“அப்ப மண்டபத்தைக் கீழே தள்ளிப் போட்டா?”

“வெட்டுச் செலவு குறையும். நிரப்புற மண்ணுக்குச் செலவு கூடும். ரெண்டையும் இன்ஜினியரைக் கணக்குப் போடச் சொல்லுங்க.”

இந்த அளவுக்குப் பேச முடியும்படி அறிக்கை இருக்க வேண்டும். குறுக்குவெட்டுப் படத்தில் கிடை அளவும் நிமிர்வு அளவும் ஒன்றாக இருக்கட்டும். நிமிர்வை இழுத்துப் பெரிதாக்கினால் சாதாரண மேடு கேப் டவுனின் டேபிள் மவுண்டன் மலை ஆகிவிடும். தளம் வெட்டப்போகும் மட்டத்தை அதே படத்தில் ஒரு கோடாகப் போடுங்கள், கமிட்டியின் கண் முதலில் அங்கேதான் போகும். குழிகளை அவை வெட்டிய இடத்தில், வெட்டிய ஆழத்துக்கு வரையுங்கள். ஆழத்தில் 10 முதல் 20 சதவீதம் பிழை இருக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், பின்னிணைப்பில் ஒளித்து வைக்காதீர்கள். நேர-தூர வரைபடங்களையும் வைத்துக் கொடுங்கள். அடித்த இடங்கள் குறித்த குறிப்பேட்டின் நகலோடு, தொடாத மூலப் பதிவுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கான்ட்ராக்டர் நாளைக்குக் கடும்பாறை என்று பில் நீட்டும்போது, இன்னொருவர் அதே பதிவுகளை எடுத்து முதலிலிருந்து குறித்துப் பார்க்க முடியும்.